சாவடிக்கு முன்னால் இறங்கி நடப்பவர்கள்

தராசக்காவுக்கு எதைத் தொட்டாலும் எடை சொல்லிவிடும் பழக்கம் உண்டு. பார்சல் அலுவலகத்தில் இருபத்தேழு வருஷம் எடைமேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததில் ஒட்டிக்கொண்ட வியாதி அது. பெட்டியை இரண்டு கையாலும் லேசாகத் தூக்கிப் பார்த்து "பதினெட்டரை" என்பாள். தராசில் வைத்தால் பதினெட்டரைதான் காட்டும். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. அவள் ஓய்வு பெற்ற பிறகும் பெயர் ஓய்வு பெறவில்லை. யார் வீட்டுக் குழந்தையை மடியில் வாங்கினாலும் "எட்டே கால் கிலோ" என்று சொல்லிவிட்டுத்தான் கொஞ்சுவாள்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். முப்பத்திரண்டு வருஷம் நீண்ட தூர வண்டி ஓட்டியவர். ஒரு விபத்து கிடையாது, ஒரு கீறல் கிடையாது. அதைப் பற்றி அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். வீட்டிலும் அவர் டிரைவர்தான். எங்கே போவது, எப்போது கிளம்புவது, வழியில் யார் எத்தனை நிமிஷம் கழிப்பறைக்குப் போகலாம் என்பது வரை அவர் வைத்ததுதான் சட்டம். மனைவியும் மகளும் ஏறி உட்கார்ந்துகொண்டு வர வேண்டியது. அவர் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், குரலைக்கூட உயர்த்த மாட்டார். தான் ஓட்டுகிற வண்டியில் மற்றவர்களும் எங்கேயோ போக ஆசைப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறியதே இல்லை.

அவருக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. பஸ்ஸில் அளவுக்கு மேல் ஆள் ஏறிவிட்டால், சோதனைச்சாவடிக்கு முந்தின வளைவில் வண்டியை நிறுத்துவார். நின்றுகொண்டு வருபவர்கள் எல்லோரும் இறங்கி, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி சாவடியை நடந்தே தாண்ட வேண்டும். அளவோடு ஆள் ஏறின வண்டியாட்டம் இவர் பஸ்ஸைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அந்தப் பக்கம் ஓரம்கட்டி, இரண்டு தரம் சின்னதாக ஹாரன் அடிப்பார். எல்லோரும் ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். "ஒருத்தரைக்கூட விட்டுட்டு வந்ததில்ல நான்" என்று முடிப்பார். எத்தனை தரம் கேட்டாலும் தராசக்கா சிரித்துவைப்பாள். இறங்கி நடந்தவர்களுக்கு எப்படி இருந்தது என்று அவளும் கேட்டதில்லை.

ஐம்பத்து நாலு வயதில் அவள் ஒரு காரியம் செய்தாள். ஆபீஸ் முடிந்து வரும்போது, பக்கத்துத் தெருவில் இருந்த டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். வீட்டில் மூச்சு விடவில்லை. மூன்று தரம் தேர்வில் தோற்றாள். மூன்று தரமும் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தைத் தட்டினாள். நாலாவது தரம் கம்பம் பிழைத்தது. லைசென்ஸை அவள் புருஷன் முன்னால் நீட்டியபோது அவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கள்ள நோட்டைப் பார்ப்பது போல.

"நான் இருக்கறப்ப உனக்கு எதுக்கு இது?" என்றார். அதோடு சரி. வீட்டுக் காரின் சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. லைசென்ஸ் அவள் கைப்பையிலேயே இருந்தது. இப்படி ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

இரண்டு பேரும் ஓய்வு பெற்றதும், வண்டியிலேயே படுத்து, வண்டியிலேயே சமைத்து, ஊர் ஊராகச் சுற்றுவது என்று முடிவானது. அதில் சண்டையே இல்லை. எந்த வண்டி என்பதில்தான் சண்டை.

கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார்கள். சின்னது ஒரு கேம்பர் வேன். பகலில் பெஞ்சு, ராத்திரி அதையே இழுத்துப் போட்டால் படுக்கை. பின்கதவைத் தூக்கினால் இரண்டு பர்னர் அடுப்பு. நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் கூரையைத் தூக்க வேண்டும். கழிப்பறை என்று கேட்டால் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துக் காட்டினார்கள். பெரிசு மோட்டார்ஹோம். மடிக்க வேண்டாத கட்டில், சுடுதண்ணீர் வரும் பாத்ரூம், நாலு பேர் உட்காரும் மேஜை, வீட்டில் இருப்பதைவிடப் பெரிய ஃபிரிட்ஜ்.

"மேடம், சின்னதை ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறீங்களா?" என்று விற்பனைப் பையன் கேட்டான். கழுத்தில் டை, வாயில் சிரிப்பு. அவனுக்குத் தெரியாது, அந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது என்று.

டிரைவர் வாயைத் திறப்பதற்குள் அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், கிளம்பினாள். ஆற்றங்கரை ரோடு வரை இரண்டு கிலோமீட்டர், திரும்பி இரண்டு கிலோமீட்டர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன், இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். "லாரி வருது. பாத்து. கியரை மாத்து. பாத்து." அவள் எதையும் காதில் வாங்கவில்லை. வண்டி அவள் கைக்கு அடங்கியது. அவள் திருப்பின பக்கம் திரும்பியது, நிறுத்தின இடத்தில் நின்றது. இறங்கும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான். இந்த வயதில் இதற்கெல்லாமா அழுவது என்று மூக்கைச் சிந்துகிற சாக்கில் துடைத்துக்கொண்டாள்.

"இதையே எடுத்துக்கலாங்க" என்றாள்.

டிரைவர் பெரிய வண்டியின் படியில் ஏறி நின்று அதன் கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மாடித் தரையில் சாக்பீஸால் இரண்டு வண்டியையும் அளவெடுத்து வரைந்தார். சின்ன வண்டிக்குள் அவளை நிறுத்தி, தானும் நின்று, இடிப்பதை நிரூபித்தார். "உன் முழங்காலுக்கு இந்த மடக்குக் கட்டில் ஒத்து வருமா? ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தா எங்க போவ? மழை பெய்தா பின்கதவைத் தூக்கிட்டு நனைஞ்சுகிட்டா சமைப்ப? எனக்கு எதுலயும் ஒண்ணுமில்ல. நான் பஸ் சீட்டுல தூங்கினவன். உனக்காகத்தான் சொல்றேன்."

அதுதான் அவருடைய சாமர்த்தியம். தனக்கு வேண்டியதை எல்லாம் அவள் பெயரில் கேட்பார். மறுத்தால் அவள்தான் நன்றி கெட்டவள். மகளுக்குப் போன் போட்டால் மகளும் அதே பாட்டு: "அம்மா, அப்பா உனக்காகத்தானே அலையறார். எந்த அப்பா பாத்ரூம் வச்ச வண்டி வாங்கித் தர்றார், சொல்லு."

"எனக்கு ஓட்டணும்" என்றாள் தராசக்கா. மகளிடம் அல்ல, அன்று சாயங்காலம் புருஷனிடம். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அதை வெளியே சொல்கிறாள்.

அவர் சிரித்தார். "இவ்வளவுதானா? பெரிசையும் ஓட்டு. மூணரை டன் வரைக்கும் உன் லைசென்ஸ் செல்லும். கடைக்காரனைக் கேளு. பாதி தூரம் நீ, பாதி தூரம் நான்."

கடைக்காரப் பையனும் ஆமாம் போட்டான். மொத்த எடை மூன்றரை டன்னைத் தாண்டாத வரை தாராளமாக ஓட்டலாம் என்றான். அவள் விடவில்லை. வண்டியின் சொந்த எடை போக எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்டாள். பையன் காகிதத்தைப் புரட்டி, "நானூத்திப் பத்து கிலோ மேடம், ஆளுங்களையும் சேர்த்து" என்றான்.

"அது பத்தாதுங்க" என்றாள் புருஷனிடம்.

"பஸ்ஸுல தொண்ணூறு பேரை ஏத்தினவன் நான். என்கிட்ட வந்து நானூறு கிலோவுக்குக் கணக்கு சொல்றியா?"

பாதி தூரம் நீ, பாதி தூரம் நான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் கையெழுத்துப் போட்டாள். இருவருடைய ஓய்வுப் பணமும் அதில் போயிற்று. போதாததற்கு வீட்டுக் காரையும் விற்றார்கள்.

சாமான் ஏற்றிய வாரம் அவள் பார்சல் ஆபீஸ் கொக்கித் தராசோடு வாசலில் நின்றாள். அவள் தன் பையை ஏழு கிலோவில் முடித்தாள். இரண்டு தட்டு, இரண்டு பாத்திரம், ஒரு வாணலி என்று சமையல் சாமானையும் நறுக்கென்று எடுத்துவைத்தாள். டிரைவர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். வெளியே விரிக்கும் பந்தல். ஜெனரேட்டர். இரும்பு டூல் பெட்டி. மடக்கு நாற்காலிகள், மடக்கு மேஜை. கடைசியில் வண்டியின் பின்னால் தாங்கி பொருத்தி, ஒரு மொபெட்.

"இது எதுக்கு?"

"வண்டியை ஒரு இடத்துல நிறுத்திட்டா, உன்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போக வேண்டாமா? உனக்காகத்தான்."

கொக்கித் தராசில் மொபெட் ஏறாது. அவள் பின்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தாள். எழுபது இருக்கும் என்று தோன்றியது. சொல்லிப் பயனில்லை என்றும் தோன்றியது. ஆனாலும், "கிளம்பற அன்னிக்கு ஒரு தடவை எடைமேடையில ஏத்திப் பாத்துடலாங்க" என்றாள். அதற்கு மட்டும் அவர் சம்மதித்தார்.

கிளம்பின அன்று காலை, ஊருக்கு வெளியே மணல் லாரிகள் எடை போடும் மேடையில் வண்டியை ஏற்றினார். இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மூவாயிரத்து ஐந்நூத்தி ஐம்பத்தஞ்சு. ஐம்பத்தஞ்சு கிலோ அதிகம் சார். இப்ப ரோட்டுல சாவடிக்குச் சாவடி எடை போடறாங்க. நிறுத்தி இறக்கச் சொல்வாங்க."

தராசக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி. இப்போதாவது கேட்பார் என்று நினைத்தாள். "மொபெட்டை இறக்கிடலாங்க. ஒண்ணை இறக்கினா எல்லாம் சரியாயிடும்."

"மொபெட் இல்லாம ஊருக்குள்ள எப்படிப் போறது?"

"அப்ப பந்தலும் ஜெனரேட்டரும்."

"வெயில்ல உக்காரவா? கரண்ட் இல்லாத இடத்துல ஃபிரிட்ஜ் எப்படி ஓடும்?"

"தண்ணி டேங்க்கைக் காலி பண்ணிட்டு, போற இடத்துல பிடிச்சுக்கலாமே."

"தண்ணி இல்லாத பாத்ரூமுக்கா இவ்வளவு பெரிய வண்டி?"

ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அந்த வண்டியில் இருந்த நாற்காலிக்கும் ஸ்பேனருக்கும்கூட அவர் பரிந்து பேசினார். பிறகு தாடையைச் சொறிந்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் அறிவாள். எடைமேசையில் பெட்டி அதிகம் காட்டினால், எதை வெளியே எடுக்கலாம் என்று ஆட்கள் பார்க்கும் பார்வை அது.

"நீ கொஞ்சம் இறங்கேன்" என்றார்.

அவள் இறங்கினாள். மேடையை விட்டுத் தள்ளி, மணல் சிந்திக் கிடந்த தரையில் நின்றாள்.

"மூவாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தி ஏழு" என்றார் எடைக்காரர். "கச்சிதமா வந்திடுச்சு. மேடத்தை வீட்டுல விட்டுட்டுப் போக வேண்டியதுதான்." சும்மா வேடிக்கைக்குச் சொன்னார். டிரைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். தராசக்கா ஐம்பத்தெட்டு கிலோ. மொபெட் எழுபது. எது இறங்குவது என்று அவள் கண் முன்னாலேயே முடிவாகிவிட்டது.

"பாத்தியா, எல்லாம் சரியா இருக்கு" என்றார் டிரைவர், அவள் மறுபடி ஏறியதும். "சாவடிக்கு முன்னாடி இறங்கி நடந்திடு. அந்தப் பக்கம் ஏத்திக்கறேன். நான் பாக்காத சாவடியா?"

"அப்ப நான் ஓட்டறது?"

"எடை கூடின வண்டியை எடுத்தா உன் லைசென்ஸுக்கே ஆபத்து. நான்னா பேசிச் சமாளிச்சுக்குவேன். உனக்காகத்தான் சொல்றேன்."

அவள் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அங்கேயே, இறங்கி அந்த மணல் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முப்பத்தைந்து வருஷமாக அவர் நிறுத்தின இடத்தில் இறங்கி, நிறுத்தின இடத்தில் ஏறியவளுக்குச் சட்டென்று வாய் வந்துவிடுமா?

முதல் சாவடிக்கு முந்தின வளைவில் வண்டி நின்றது. அவள் இறங்கி நடந்தாள். அரைக் கிலோமீட்டர் இருக்கும். ரோட்டோரம் நடைபாதை இல்லை. லாரிகள் தூசியை வாரி அடித்துக்கொண்டு போயின. அவர் யாருக்காக மடக்குக் கட்டில் வேண்டாம் என்றாரோ, அந்த முழங்கால் பாதி வழியிலேயே குத்த ஆரம்பித்தது. சாவடியில் தொப்பி போட்ட ஒருவர், "எங்கம்மா இந்த வெயில்ல தனியா நடந்து போறீங்க?" என்று கேட்டார்.

"சும்மாதான்" என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் நாக்கு ஒட்டிக்கொண்டது. லாரி வரிசையில் நின்றிருந்த அவளுடைய வண்டி அவளுக்கு முன்னால் ஜம்மென்று எடைமேடையில் ஏறி இறங்கிப் போனது. பின்னால் மொபெட் பளபளத்தது. அதற்கு ஒரு கேள்வியும் இல்லை.

அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தரம் சின்னதாக ஹாரன் கேட்டது. அவள் ஓடவில்லை, நடந்தேதான் போனாள். டிரைவர் உற்சாகமாக இருந்தார். ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் ஆட்களை இறக்கி ஏற்றின கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். "ஒருத்தரைக்கூட விட்டுட்டு வந்ததில்ல நான்" என்ற இடத்தில் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

அவர் மடியில் வைத்திருந்த வரைபடத்தில் சாவடிகளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தார். அவள் எண்ணிப் பார்த்தாள். முதலில் தங்குவதாக இருந்த கடற்கரைக்குப் போய்ச் சேர இன்னும் ஆறு. நேற்று ராத்திரி அவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. எடை மேடைக்கு வருவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று காலை அங்கே நின்று யோசித்ததும் தாடையைச் சொறிந்ததும் வெறும் நடிப்பு.

அதுவரை அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்தச் சிவப்பு வட்டங்களைப் பார்த்த பிறகு வருத்தம் போய்விட்டது. மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

மத்தியானம் இரண்டாவது சாவடி. வளைவில் வண்டி நின்றது. டிரைவர் அவள் பக்கத்துக் கதவை எட்டித் திறந்துவிட்டார். அவள் இறங்கவில்லை.

"ஏங்க, உங்க எடை தொண்ணூத்தி ஒண்ணு."

"அதுக்கென்ன இப்ப?"

"நான் இறங்கினா மூணு கிலோதான் மிச்சம். நீங்க இறங்கினா முப்பத்தாறு கிலோ மிச்சம். வண்டியும் அளவுக்குள்ள வந்துடும், என் லைசென்ஸும் செல்லும். நீங்க நடந்து வாங்க. நான் அந்தப் பக்கம் நிறுத்தி ஹாரன் அடிக்கறேன்."

அவள் வாழ்க்கையில் எத்தனையோ எடை சொல்லியிருக்கிறாள். இவ்வளவு சரியாக எதையும் சொன்னதில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் யோசிப்பது போல இருந்தது. சாவியில் இருந்து அவர் கையை எடுத்துவிட்டால் போதும், மற்றதை எல்லாம் மறந்துவிடலாம் என்றுகூட அந்தக் கணத்தில் நினைத்தாள்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை ஏதோ சொன்னால் சிரிக்கிற சிரிப்பு. "விளையாடாத. நேரமாகுது, இறங்கு."

அவள் ஏழு கிலோ பையை எடுத்துக்கொண்டாள்.

"பை எதுக்கு?"

"எடை குறையட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மோட்டார்ஹோம் சாவடியை நோக்கிப் போனது. அவள் அந்தப் பக்கம் நடக்கவில்லை. ரோட்டைக் குறுக்கே தாண்டி, எதிர்ப்பக்கம் இருந்த பஸ் நிறுத்தத்தில் நின்றாள். பத்து நிமிஷத்தில் ஊர் திரும்பும் பஸ் வந்தது. கூட்டமில்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும்போது தூரத்தில் இரண்டு தரம் சின்னதாக ஹாரன் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு தரம்.

கண்டக்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "நம்ம டிரைவர் அண்ணன் வீட்டம்மாதானே? பாஸ் இருக்குமே?"

"பாஸ் வேண்டாம். ஒரு டிக்கெட் குடுங்க" என்றாள்.

பஸ் கொஞ்ச தூரம் போன பிறகுதான் போன் அடித்தது. "எங்க இருக்க? எவ்வளவு நேரமா ஹாரன் அடிக்கறேன், காதுல விழலையா? நிறுத்தக் கூடாத இடத்துல நிறுத்தி வச்சிருக்கேன்."

"நான் திரும்பிப் போற பஸ்ல இருக்கேன்."

"என்னது?"

"இப்ப உங்க வண்டியில எடை சரியா இருக்குங்க. அப்படியே போங்க."

அந்தப் பக்கம் லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. இறங்கி வா என்று சொல்வார், அல்லது நானே திரும்பி வருகிறேன் என்று சொல்வார் என்று அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெட்கக்கேடுதான். ஆனாலும் காத்திருந்தாள்.

"என் மாத்திரை டப்பாவை எங்க வச்சிருக்க?" என்று கேட்டார் டிரைவர்.

"மேல் அலமாரியில, இடது பக்கம்."

போனை வைத்த பிறகு அழுகை வந்தது. கைக்குட்டைக்காகப் பையைத் துழாவியபோது லைசென்ஸ் கையில் தட்டுப்பட்டது. போட்டோவில் இருந்தவள் நாலாவது தரம் தேறின பெருமையில் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த லைசென்ஸை வைத்து அவள் இதுவரை ஓட்டிய தூரம் ஆற்றங்கரை ரோட்டுக்குப் போக இரண்டு, வர இரண்டு, மொத்தம் நாலு கிலோமீட்டர். இனிமேல் ஓட்டலாம் என்றால் வீட்டில் காரும் இல்லை.